நீச்சல் உடை நீண்ட நாள் உழைக்க: கடையில் தேர்ந்தெடுப்பதிலிருந்து கொடியில் உலர்த்துவது வரை

பருத்தித் துணியைத் துவைத்துப் பழகிய கைதான் நீச்சல் உடையைக் கெடுக்கிறது. இரவு முழுக்க ஊறவைப்பது, சோப்புக்கட்டியை அழுத்தித் தேய்ப்பது, பிரஷ் போடுவது, கல்லில் கும்முவது, இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பிழிவது, மொட்டைமாடியில் சுள்ளென்ற வெயிலில் காயப்போடுவது ஆகிய அத்தனையும் வேட்டிக்கும் பள்ளிச் சீருடைக்கும் சரி. நீச்சல் உடைக்கு ஒன்றுகூட ஆகாது. ஏப்ரலில் கோடை முகாமில் சேர்ந்த பிள்ளையின் உடை, ஜூனில் பள்ளி திறக்கும்போது பின்பக்கம் தொளதொளவென்று தொங்குகிறது. நாம் கடைக்காரரைத் திட்டுகிறோம். பழியில் ஒரு பங்கு குளத்துக் குளோரினுக்கு உண்டு. பெரும்பங்கு நம் குளியலறைக்குத்தான்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

உடையின் உள்தையலில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டி இருக்கும். உறுத்துகிறது என்று அதை வெட்டி எறிவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். பெரும்பாலும் ‘நைலான் 80, எலாஸ்டேன் 20’ அல்லது அதை ஒட்டிய கணக்கு இருக்கும். நைலானுக்குப் பதில் பாலிஅமைடு என்றும், எலாஸ்டேனுக்குப் பதில் ஸ்பான்டெக்ஸ் என்றும் போட்டிருக்கலாம்; பொருள் ஒன்றே. நம் கடைகளில் எல்லோரும் சொல்லும் லைக்ரா, இந்த எலாஸ்டேனின் ஒரு வணிகப் பெயர். டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் 1958-இல் உருவாக்கிய இழை அது. தன் நீளத்தைப் போலப் பல மடங்கு இழுபட்டு மறுபடி பழைய அளவுக்கே வந்து நிற்கும். உடை உடம்போடு ஒட்டி நிற்பதற்கு அந்த ஐந்தில் ஒரு பங்கு இழைதான் காரணம். உடையில் முதலில் சாவதும் அதுவே.

எலாஸ்டேன் ஒருவகைப் பாலியூரித்தேன். குளத்து நீரைச் சுத்தமாக வைக்கும் குளோரின் அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. நைலானையும் குளோரின் விட்டுவைப்பதில்லை. வலுவையும் சாயத்தையும் சேர்த்தே எடுக்கும். பாலியெஸ்டரிடம் மட்டும் அதன் வேலை அவ்வளவாகப் பலிப்பதில்லை. அதனால்தான் நாள்தோறும் பயிற்சி செய்கிறவர்களுக்கென்று, எலாஸ்டேனே இல்லாத உடைகள் வந்திருக்கின்றன. அவற்றின் லேபிளில் ‘பாலியெஸ்டர், பிபிடி’ என்று இருக்கும். சிலவற்றில் ‘100 சதவீதம் பாலியெஸ்டர்’ என்று மட்டும் இருக்கும். பிபிடி என்பது பாலியெஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்த, இழுபடக்கூடிய இழை.

என் கருத்து இதுதான்: வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குளோரின் குளத்தில் நீந்துகிறவர் கூடுதல் விலை கொடுத்தாவது பிபிடி வகையை வாங்க வேண்டும். தொட்டால் சற்று முரடாக இருக்கும், லைக்ரா போல வழுவழுப்பு இராது, உடம்பை அணைத்துப் பிடிக்காது. ஆனால் நைலான் உடை இரண்டு மூன்று ஓய்ந்த பிறகும் அது உழைத்துக்கொண்டிருக்கும். விடுமுறைக்கு மட்டும் தண்ணீரில் இறங்குகிறவருக்கு நைலான் தாராளமாகப் போதும்.

அளவிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ‘வளரும் பிள்ளை, அடுத்த வருடமும் ஆகும்’ என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது நம் வீடுகளின் வழக்கம். சட்டைக்கு அது சிக்கனம். நீச்சல் உடை தளர்வாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து பை போல உப்பி, அந்தப் பாரமே துணியை இழுத்துத் தொங்கவிடும். உலர்ந்த நிலையில் சற்றே இறுக்கமாக இருப்பதுதான் சரியான அளவு. நனைந்ததும் கொஞ்சம் நெகிழும்.

தண்ணீரில் இறங்கும் முன்

குளத்தருகே ‘ஷவரில் குளித்துவிட்டு இறங்கவும்’ என்று எழுதிவைத்திருப்பதைப் பலரும் அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். உடையின் ஆயுளுக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது. உலர்ந்த துணி எந்தத் தண்ணீரை முதலில் தொடுகிறதோ அதை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் சொட்டச்சொட்ட நனைத்துவிட்டு இறங்கினால், குளோரின் நீர் உள்ளே போக அந்த அளவுக்கு இடம் குறைவு. இன்னொரு லாபமும் உண்டு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போதுதான் குளோரமைன்கள் உண்டாகின்றன. ‘குளோரின் வாடை’ என்று நாம் மூக்கைச் சுளிப்பது பெரும்பாலும் அவற்றின் வாடைதான். எல்லோரும் குளித்துவிட்டு இறங்கினால் குளத்திலும் வாடை குறையும், உடையிலும் குறையும்.

அடுத்தது எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துச் சடை பின்னி, அப்படியே பிள்ளையை நீச்சலுக்கு அனுப்பும் வீடுகள் உண்டு. எண்ணெய் வழிந்து தோள்பட்டைக்கும் முதுகுக்கும் வரும். துணியில் படிந்து அழுக்கைப் பிடித்து வைக்கும். தொடையிலும் இடுப்பிலும் உள்ள எலாஸ்டிக் பட்டை இயற்கை ரப்பராக இருந்தால் இன்னும் மோசம். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப் பிசுபிசுத்து வலுவிழந்துவிடும். நீச்சல் நாளில் தலைக்கு எண்ணெய் வேண்டாம், வீட்டுக்கு வந்து குளித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். சன்ஸ்கிரீன் போடுவதானால் உடை அணிவதற்குக் கால்மணி நேரம் முன்பே போட்டுத் தோலில் ஊறவிடுங்கள்.

குளத்தின் சிமென்ட் விளிம்பில் உட்கார்ந்து காலாட்டுவது எல்லாருக்கும் பிடிக்கும். பின்பக்கத் துணி பஞ்சு பஞ்சாகக் கிளம்பி நிற்பது அங்கேதான் ஆரம்பிக்கிறது. கிணற்றுப் படியிலும் பம்புசெட் தொட்டியிலும் குளிக்கிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். அங்கே உள்ள கல்லும் பூச்சும் மணல்தாள் மாதிரி. ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தால் தீர்ந்தது.

கரையேறிய முதல் பத்து நிமிடம்

இந்த வழிகாட்டி முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்: குளத்தை விட்டு ஏறியதும், உடையைக் கழற்றுவதற்கு முன்பே ஷவருக்கு அடியில் நின்று நன்றாக அலசிவிடுங்கள். கழற்றிய பின் உட்புறத்தை வெளியே திருப்பி, குழாயடியில் மறுபடி ஒருமுறை. மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றி, மீண்டும் நனைத்து, மீண்டும் அழுத்த வேண்டும். வழியும் நீரில் வாடை போகும் வரை இப்படிச் செய்தால் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

பெரும்பாலானோர் செய்வது நேர்மாறு. ஈர உடையைச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு நேரே அலுவலகமோ பள்ளியோ போகிறார்கள். சூடு, ஈரம், குளோரின் மூன்றும் காற்றுப் புகாத இடத்தில் மாலை வரை ஒன்றாகக் கிடக்கின்றன. இழை அறுவது ஒரு பக்கம். பூஞ்சை பிடிப்பது இன்னொரு பக்கம். உடனே வீடு திரும்ப முடியாது என்றால் அலசிய உடையை உலர்ந்த துண்டில் சுருட்டி, வலைப் பையிலோ துணிப் பையிலோ வையுங்கள். பையின் வாய் திறந்திருக்கட்டும்.

கடலில் குளித்தவர்களுக்கும் இதே விதிதான், காரணம் மட்டும் வேறு. உப்பு காய்ந்தால் நுண்ணிய படிகங்களாக இழைகளுக்கு நடுவே உட்கார்ந்து, துணி அசையும்போதெல்லாம் அராவும். மணல் இன்னும் பிடிவாதம். ஈரத்தோடு தேய்த்தால் உள்ளே இறங்குமே தவிர வெளியே வராது. உப்பை மட்டும் அலசிவிட்டு உடையை முழுதாக உலரவிடுங்கள். பிறகு துணியைக் கையால் லேசாக அகட்டி, பின்பக்கமிருந்து தட்டினால் மணல் பொலபொலவென்று உதிரும்.

வீட்டில் துவைக்கும் முறை

ஒரு வாளியில் பாதி அளவு குளிர்ந்த நீர். குளிர்ந்த நீர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மே மாதத்தில் நண்பகலுக்கு மேல் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரில் கை வைக்க முடியாது. எலாஸ்டேனுக்குச் சூடு ஆகாது. லேபிள்கள் பொதுவாக 30 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். காலையில் பிடித்து வைத்த நீரைப் பயன்படுத்துங்கள்.

அதில் ஒரு டீஸ்பூன் மென்மையான திரவ சோப்பு. கம்பளித் துணிக்கென்று விற்கும் திரவம் நல்லது. இல்லையென்றால் குழந்தைகளுக்கான ஷாம்பு போதும். பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை ஊறவைக்கும் பழக்கம் உள்ள வீடென்றால் அந்தத் தண்ணீரே இதற்கும் ஆகும். வெளிர் நிற உடைக்கு மட்டும் வேண்டாம், அதன் பழுப்பு ஏறிவிடும். சலவைக்கட்டி, சாதாரணச் சோப்புத் தூள் இரண்டும் காரத்தன்மை மிகுந்தவை. சாயத்தை வெளுக்க வைக்கும். உப்புத்தண்ணீர் வரும் பகுதிகளில் சலவைச் சோப்பு சரியாக நுரைக்காமல் வெண்மையாகத் திரிந்து இழைக்குள் படியும், துணி விறைக்கும்.

உடையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, கழற்றக்கூடிய உள் பஞ்சுப் பட்டைகள் இருந்தால் எடுத்துவிட்டு, சோப்புநீரில் அமிழ்த்துங்கள். உள்ளங்கையால் ஒரு இரண்டு மூன்று நிமிடம் அமுக்கி அமுக்கி விடுங்கள். அக்குள், இடுப்பு, தொடைப் பட்டை ஆகிய இடங்களில் விரல் நுனியால் தடவினால் போதும். பிரஷ் வேண்டாம். மணிக்கணக்கில் ஊறவும் வேண்டாம். பிறகு நுரை முழுதும் போகும் வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

ஒவ்வொரு முறையும் சோப்புப் போட வேண்டுமா? எண்ணெய், சன்ஸ்கிரீன், கடல்நீர் பட்டிருந்தால் ஆமாம். தினமும் நீந்துகிறவர்கள் நாள்தோறும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை சோப்பு போட்டாலே போதும் என்பது என் கணிப்பு. அலசல்தான் தவறக்கூடாது.

வினிகரைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். ‘குளோரினை எடுக்க வினிகரில் ஊறவை’ என்ற யோசனை எங்கும் பரவிக் கிடக்கிறது. வினிகர் அமிலம். கடின நீரின் சுண்ணாம்புப் படிவையும் சோப்பின் காரத்தையும் அது நீக்கும், அதுவரை சரி. குளோரினை அழிக்கும் வேலையை அது செய்யாது. அந்த வேலைக்கு உரியது வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம். குளோரினோடு நேரடியாக வினைபுரிந்து அதைச் சாதுவான குளோரைடாக மாற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீருக்குத் தூளாக ஒரு சிட்டிகை போட்டு, ஐந்து நிமிடம் உடையை அமிழ்த்தி எடுத்து அலசினால், தண்ணீரில் அலசியும் போகாத வாடை போய்விடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஆரஞ்சு நிறச் சப்பு மாத்திரையைக் கரைத்துவிடாதீர்கள். அதில் சர்க்கரையும் சாயமும் இருக்கின்றன. மீன் தொட்டிக் கடைகளில் குளோரின் நீக்கியாக விற்கப்படும் சோடியம் தையோசல்ஃபேட்டும் இதே வேலையைச் செய்யும்.

வெளுப்பான்களின் பக்கமே போகக்கூடாது. பிளீச்சிங் பவுடர் என்பது குளத்தில் போடும் குளோரினேதான். குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் அளவில் இருப்பதை, வாளியில் அதைவிடப் பல மடங்கு அடர்த்தியாகக் கரைத்துத் துணியை முக்குவதில் என்ன நியாயம்? துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம். இழையின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து, துணியின் இழுவையையும் சீக்கிரம் உலரும் குணத்தையும் மந்தமாக்கிவிடும்.

வாஷிங் மெஷினில் போட்டே தீர வேண்டும் என்றால், வலைப் பைக்குள் வைத்து, குளிர்ந்த நீரில், மென்துணிக்கான ஓட்டத்தில், சுழற்றிப் பிழிவதைக் குறைத்துப் போடுங்கள். ஜீன்ஸும் கொக்கி வைத்த உள்ளாடையும் கூடவே இருக்கக்கூடாது. உலர்த்தும் டிரையர் கூடவே கூடாது. இஸ்திரிப் பெட்டியும் அப்படியே.

பிழியாமல் உலர்த்துவது

முறுக்கிப் பிழியும்போது கையில் ஒரு திருப்தி கிடைக்கும். அந்தத் திருப்திக்கு எலாஸ்டேன் இழைதான் விலை கொடுக்கிறது. இப்படிச் செய்யுங்கள்: ஒரு பருத்தித் துண்டை விரித்து, உடையை மடிப்பில்லாமல் அதன்மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாயைப் போலச் சுருட்டுங்கள். சுருளின் மேல் இரண்டு கையையும் ஊன்றி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டே போங்கள். பிரித்துப் பார்த்தால் துண்டு நனைந்து கனத்திருக்கும். உடை சொட்டாது.

பிறகு நிழல், காற்று. நேர் வெயில் சாயத்தை வெளுக்கவைத்து இழையையும் முறுக்கிழக்கச் செய்யும். தோள்பட்டையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரம் முழுவதும் அந்த மெல்லிய பட்டையில் விழும். சில நாளில் பட்டை நீண்டு தோளிலிருந்து நழுவ ஆரம்பிக்கும். உலர்த்தும் ஸ்டாண்டில் கிடையாகப் பரப்புவது நல்லது. கொடிதான் இருக்கிறது என்றால் இடுப்புப் பகுதி கொடிமேல் வருமாறு மடித்துப் போடுங்கள். துருப்பிடித்த கம்பிக் கொடி வேண்டாம்.

முழுக்கை, முழங்கால் வரை நீளும் உடைகளை நம் ஊரில் பெண்கள் அதிகம் அணிகிறார்கள். துணி கூடுதல் என்பதால் தண்ணீரும் கூடுதலாகப் பிடிக்கும், உள்ளே இரட்டைத் துணி உள்ள இடங்கள் லேசில் உலராது. பாதி உலர்ந்ததும் ஒருமுறை உள்வெளியாகத் திருப்பிப் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்விசிறிக்குக் கீழே உலர்த்துவதைத் தவிர வழியில்லை. உலர்ந்துவிட்டதா என்று தொடைப் பட்டையின் தையலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அங்கே குளிர்ச்சி இருக்கும். அந்த ஈரத்தோடு அலமாரியில் மடித்து வைத்தால் கரும்புள்ளி வரும். ஈரம் போகாத உடையை மறுபடி அணிவது தோலுக்கும் கேடு. தொடை இடுக்கில் வரும் படைக்கும் அரிப்புக்கும் அது வழி திறக்கும்.

இரண்டு உடைகளை மாற்றி மாற்றி அணிவது நல்ல ஏற்பாடு. இழுபட்ட இழை பழைய நிலைக்குத் திரும்பவும், தையல் வரை உலரவும் ஒரு நாள் இடைவெளி கிடைக்கும்.

கறைகள்

அதிகம் குழப்புவது ஆரஞ்சு நிறக் கறை. வெள்ளை அல்லது வெளிர் நிற உடையில் கழுத்தோரமும் தோளோரமும் துருப்பிடித்ததுபோல் தெரியும். பல சன்ஸ்கிரீன்களில் உள்ள அவோபென்சோன் என்ற பொருள், தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்து இந்த நிறத்தைக் கொடுக்கிறது. செந்நிறமாக வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் துவைக்கிறவர்களுக்கு இது சகஜம். வெளுப்பான் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறோ, தண்ணீரில் கரைத்த சிட்ரிக் அமிலமோ தடவி, சில நிமிடம் விட்டு அலசுங்கள். முதலில் உட்தையலில் ஒரு துளி வைத்துச் சாயம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு போதும். கரும்பூஞ்சைப் புள்ளி விழுந்துவிட்டால், உண்மையைச் சொன்னால், முழுதாகப் போகாது.

தொப்பிக்கும் கண்ணாடிக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேடெக்ஸ் தொப்பியை அலசி, நிழலில் உலர்த்தி, உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி வைத்தால் ஒட்டிக்கொள்ளாது. கண்ணாடியின் உட்புறத்தை விரலாலோ துண்டாலோ துடைக்கக் கூடாது. பனிமூட்டம் படியாமல் தடுக்கும் பூச்சு அங்கே இருக்கிறது.

போட்டிகளுக்கான உடை தனி ரகம். 2008, 2009-இல் உலகச் சாதனைகளைக் குவித்த பாலியூரித்தேன் உடைகள் 2010 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. இன்று போட்டியில் அனுமதிக்கப்படுவது இழைகளை நெய்தோ பின்னியோ செய்த துணி உடைகளே. உடம்பை இறுக்கிப் பிடிப்பதற்காகவே செய்யப்பட்ட அவை, ஒவ்வொரு முறை அணியும்போதும் கொஞ்சம் இறுக்கத்தை இழக்கும். பயிற்சிக்கு அணியாதீர்கள். சோப்பே வேண்டாம், குளிர்ந்த நீரில் அலசி, துண்டில் ஒற்றி, கிடையாக உலர்த்தினால் போதும்.

எப்போது ஓய்வு கொடுப்பது?

பின்பக்கத் துணியை இரண்டு கையாலும் அகட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நல்ல உடையில் வெளிச்சம் சீராகத் தெரியும். ஓய்ந்த உடையில் சில இடம் வலை போல மெலிந்திருக்கும், நடுவே முடியைவிட மெல்லிய வெள்ளை இழைகள் அறுந்து சுருண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். அவைதான் செத்த எலாஸ்டேன். இழுக்கும்போது மொறுமொறுவென்று சன்னமாக ஒரு சத்தமும் கேட்கலாம். இந்த நிலைக்கு வந்த துணியை எந்தச் சோப்பும் எந்த ஊறலும் மீட்காது. பொது இடத்தில் அணிந்தால் நனைந்ததும் உள்ளே இருப்பது தெரியும் என்பதால், சாயத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் இந்த வெளிச்சச் சோதனையைப் பார்த்து முடிவெடுங்கள்.

தொளதொளத்துப் போனாலும் கிழியாத உடையை உடனே எறிய வேண்டியதில்லை. பயிற்சி செய்கிறவர்கள் அதைப் புதிய உடையின் மேல் அணிந்துகொள்வார்கள். தண்ணீரில் இழுவை கூடிக் கை கால்களுக்கு வேலை அதிகமாகும், அடியில் இருக்கும் புதியது சிமென்ட் விளிம்பில் உரசாமலும் இருக்கும்.